எழும்பாமல் இடம் கொடுத்தவர்கள்

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வெந்நீர் குடித்தேன், முகம் மழித்தேன், படுக்கை விரிப்பை நான்காக மடித்துத் தலையணை மேல் வைத்தேன். கோயம்புத்தூரில் என்ன வரிசையோ அதே வரிசை. வெளியூர் போனால் இதெல்லாம் குலைந்துவிடும் என்று மனைவி ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். இதுவரை குலைந்ததில்லை.

தங்கியிருந்த வீடு திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். அன்று காலை அந்தத் துண்டை மறைத்துக்கொண்டு ஒரு புள்ளிமான் வேலியோரச் செம்பருத்தியைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் தெருவில் மாடு நிற்கும் இடத்தில் இங்கே மான் நிற்கிறது. வீட்டுக்காரர் வாயில் பற்பசை நுரையோடு வெளியே வந்து, “சீ, போ அங்காலை!” என்று அதட்டினார். மான் அவரைப் பார்த்துவிட்டு அடுத்த பூவைக் கடித்தது.

காலை உணவு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சொதி என்பது மஞ்சள் சேர்த்த தேங்காய்ப்பால் குழம்பு. நாங்கள் ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்வதை இவர்கள் எல்லாவற்றுக்கும் ஊற்றிக்கொள்கிறார்கள். மூன்றாவது முறை கேட்டு வாங்கினேன்.

என்னை இங்கே கொண்டுவந்தது ஸ்டெல்லா என்ற சிற்பி எங்கள் தொழிற்சாலைக்கு எழுதிய மின்னஞ்சல். நாங்கள் செய்வது டேம்பர்: கதவு படாரென்று அறையாமல் மெல்ல மூடச் செய்யும் எண்ணெய் உருளை. வங்கியிலும் மருத்துவமனையிலும் கதவுக்கு மேலே இருக்கும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் அதைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஸ்டெல்லா கேட்டது கதவுக்கு அல்ல. மக்கள் ஏறி உட்கார்ந்து ஆடும் ஒரு சிற்பத்துக்கு. பெரிய அளவில் இரண்டு செய்தோம். பொருத்தத் தெரிந்த ஆள் அங்கே கிடைக்காது என்பதால் முதலாளி உருளைகளோடு என்னையும் அனுப்பினார்.

ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். முன்கைகளில் வெல்டிங் பொறி தெறித்த சிறு தழும்புகள்.

“சாப்பிட்டனீங்களோ அண்ணை? வடிவாச் சாப்பிட்டுட்டு வாங்கோ. இண்டைக்கு முழுக்க வெயிலுக்குள்ளைதான் நிக்கவேணும்.”

அவருடைய பட்டறை அன்புவழிபுரத்தில், தம்பியின் டயர் கடைக்குப் பின்னால். ஒரு பக்கம் டயர், ஒரு பக்கம் இரும்பு, நடுவில் வள்ளம் என்று இவர்கள் சொல்லும் பழைய மரப்படகு ஒன்று பிரித்துப் போடப்பட்டுப் பலகைகளாகக் கிடந்தது. முன்பு செய்த வேலைகளைப் பற்றிக் கேட்டேன்.

“சந்தைச் சுவரிலை தகர மீன் வரிசையா மாட்டினனான். கயிறை இழுத்தால் நீந்தும். கொஞ்ச நாளிலை மீன்காரர் அந்தக் கொழுக்கியிலை தராசைத் தொங்கவிட்டிட்டினம்.”

“வருத்தமா இல்லீங்களா?”

“என்னத்துக்கு? தொட்டிருக்கினம்தானே.”

பகல் சாப்பாட்டின்போது மற்றதைச் சொன்னார். பல ஆண்டுகள் அவர் கோயில் சுரூபங்களைப் பழுது பார்த்து வாழ்ந்தவர். கத்தோலிக்கர்கள் புனிதர்களின் சிலையைச் சுரூபம் என்கிறார்கள். ஒரு பங்குக் கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் கால் விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தன, வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டதால். புது விரல் வைத்து, பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றார்கள். செய்து கொடுத்தார். அதுதான் கடைசி.

“அவ்வளவு சனத்தின்ரை கையையும் நான் சுரண்டி எடுத்த மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு தொடக்கூடாத சாமான் ஒண்டும் செய்யிறேல்லை எண்டு முடிவெடுத்தனான்.” கணவாய்க் கறியை என் தட்டுப் பக்கம் தள்ளினார். “இதைத் தொடலாம். எடுங்கோ.”

வெயில் தணிந்ததும் உள்துறைமுகக் கரைக்குப் போனோம். புல்வெளி, கல் நடைபாதை, அதற்கப்பால் அலையே இல்லாத நீர். கடல் என்று சொன்னால்தான் கடல். பார்வைக்கு எங்கள் சிங்காநல்லூர்க் குளத்தின் பெரிய அண்ணன். கரையில் அவருடைய சிற்பம் இருந்தது. வள்ளத்தின் அடிமரம் போல வளைந்த நீண்ட இரும்பு உத்தரம், நடுவில் ஓர் அச்சில் தாங்கப்பட்டிருந்தது. இரு கைகளிலும் ஆறு ஆறு இருக்கைகள். ஒரு பக்கம் பாரம் கூடினால் தாழும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போனால் உத்தரம் மட்டத்துக்கு எழும்பும். மட்டத்தைக் கடக்கும் அந்த நொடியில் அச்சுக்குக் கீழே தொங்கும் சுத்தியல் வீசிப்போய் ஒரு வெண்கல மணியில் அடிக்கும். யாரை எங்கே உட்கார வைத்தால் மணி அடிக்கும் என்பதை ஏறியவர்களே பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் சிற்பம்.

இருக்கைகள் மூடிப்போன ஒரு படமாளிகையிலிருந்து, அதாவது தியேட்டரிலிருந்து, வாங்கியவை. மடிப்பு நாற்காலிகள், இருபுறமும் மரக் கைகள். ஆயிரம் முழங்கைகள் பட்டுக் கைகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. அவருக்கு அவை ஏன் பிடித்தன என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

ஒரு விபத்து நடந்ததிலிருந்து உத்தரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

“விபத்து எப்படி நடந்ததுங்க?” என்றேன். என் வேலைக்கு அது தெரிய வேண்டும்.

“மரியாதையாலை” என்றார் ஸ்டெல்லா.

நான் கேலி என்று நினைத்தேன். இல்லை. ஒரு மாலை இரு பக்கமும் ஆள் நிறைந்து, உத்தரம் மெல்ல மட்டத்துக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அப்போது நடைபாதையில் ஞானம் டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஒரு பக்கத்தில் இருந்த ஆறு பேரும் அவரைக் கண்டதும் சேர்ந்தாற்போல எழுந்து, “டீச்சர், இருங்கோ” என்றார்கள். மறு பக்கம் படாரென்று தரையில் விழுந்தது. கடைசி நாற்காலியில் இருந்த ஒருவரின் கணுக்கால் பிசகிவிட்டது.

“எழும்ப வேண்டாம் எண்டு பலகையிலை எழுதி வைச்சனான். டீச்சரைக் கண்டால் பலகையை வாசிச்சுப்போட்டு எழும்புதுகள்.”

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் வயதானவர் ஏறினால் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்குத் திடீரென்று தூக்கம் வந்துவிடும். எங்கள் ஊரில் இந்தச் சிற்பம் ஒரு நாளும் விழாது என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

இந்தக் கரைக்குப் பொறுப்பான பொறியியலாளர் இரண்டு வழி வைத்திருந்தார். யாருக்கும் அடிபடாத மாதிரி ஆக்க வேண்டும். இல்லையென்றால் உத்தரத்தை அசையாமல் வெல்ட் பண்ணிவிடுவார்கள். “பாக்க வடிவாத்தான் இருக்கும்” என்று ஆறுதலும் சொன்னாராம்.

“வெல்ட் பண்ணினால் அது பஸ் நிலையத்து வாங்கு அண்ணை” என்றார் ஸ்டெல்லா. வாங்கு என்பது பெஞ்சு. “எனக்கு மூண்டு வருச வேலை. பிறகு இப்பிடி ஒரு இடம் தரமாட்டினம்.”

புதன்கிழமை காலை முழுக்கப் பொருத்தினேன். ஒவ்வொரு கைக்கும் கீழே ஓர் உருளை. எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வால்வை முழுக்க இறுக்கினேன். ஒரு முனையில் மணல் மூட்டைகளை அடுக்கித் தள்ளிவிட்டோம். உத்தரம் தேனில் இறங்கும் கரண்டி மாதிரி இறங்கியது. முட்டையை அடியில் வைத்திருந்தாலும் உடைந்திருக்காது. எனக்கு நிறைவாக இருந்தது, ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

சாயங்காலம் பொறியியலாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கையில் தொலைபேசி. நல்ல மனிதர். “இந்தியாவிலையிருந்து எங்கடை ஆசனத்துக்கு ஆள் வந்திருக்கு” என்று கைகொடுத்தார். சங்கிலியைக் கழற்றி, நடக்க வந்தவர்களைக் கூப்பிட்டு ஏற்றி, தானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஒருத்தரும் எழும்பக் கூடாது, விளங்கிச்சோ? ஆர் வந்தாலும்!” என்று எல்லாருக்கும் சொன்னார்.

ஞானம் டீச்சர் வந்தார். வெள்ளைப் பருத்திச் சேலை, குடை, நிமிர்ந்த நடை. அந்த விபத்துக்குப் பிறகு தன்னால்தான் அது நடந்தது என்று இந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டாராம்; பயமில்லை என்று ஸ்டெல்லா வற்புறுத்தி அழைத்திருந்தார். அவர் குடையை மடக்கியதுதான் தாமதம், முதலில் எழுந்தவர் பொறியியலாளர்.

“டீச்சர்! இருங்கோ டீச்சர்!”

அவரோடு அந்தப் பக்கம் முழுக்க எழுந்தது. மறு பக்கம் இறங்கத் தொடங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அதிலிருந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து கச்சான் எடுத்து உடைத்துத் தின்று முடித்தபோது தரை தட்டியது. இங்கே நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர்.

“பாத்தீங்களே? ஒரு பயமுமில்லை” என்றார் பொறியியலாளர், தான் எழுந்ததைக் கவனிக்காமலே. “இனிப் பிரச்சினை இல்லை.”

ஸ்டெல்லா குனிந்து அச்சுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். சுத்தியல் வீசவில்லை. வேகம் இல்லாததால் மெல்ல வந்து மணியின் மேல் சாய்ந்து நின்றிருந்தது. இறங்கி வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது: “ஆடுதோ இல்லையோ?” “தெரியேல்லை. பஞ்சிப் பிடிச்ச ஆசனம்.” பஞ்சி என்றால் இங்கே சோம்பல்.

என் வேலை முடிந்திருந்தது. அவருடையது நின்றுபோயிருந்தது.

“வால்வைப் பாதி திறந்தா மணி அடிக்குமுங்க” என்றேன். “ஆனா ஆறு பேர் சேர்ந்து எந்திரிச்சா மறுபடியும் விழும். அந்தளவு விழாது. இருந்தாலும் விழும்.”

ஸ்டெல்லா பொறியியலாளரிடம் போய் நின்றார். “ஐயா, மணி அடிக்காட்டில் இது என்ரை வேலை இல்லை. ஒருக்கால் சோதிச்சுப் பாப்பம். வெள்ளிக்கிழமை போயா லீவு, சனம் வரும். நீங்களும் வாங்கோ. டீச்சரும் வரட்டும்.”

பொறியியலாளர் குனிந்து சுத்தியலை விரலால் தள்ளிப் பார்த்தார். “சரி. வெள்ளி பின்னேரம். ஒராள் தடுக்கினாலும், சனிக்கிழமை காலமை வெல்டர் வருவார். நான் இப்பவே சொல்லி வைக்கிறன்.” எங்கள் எதிரிலேயே தொலைபேசியில் சொல்லி வைத்தார்.

டீச்சர் உட்காரவேயில்லை. “நான் வராமல் விட்டால் எல்லாருக்கும் நல்லதுதானே, பிள்ளை” என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

வியாழக்கிழமை கால் பிசகியவரைப் பார்க்கப் போனோம். பார்க்காமல் மறுபடி ஆட்களை ஏற்றுவது சரியில்லை என்றார் ஸ்டெல்லா. அவர் பெயர் தம்பிராசா. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானில் வயல். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியதும் பஸ் ஓர் இருமல் இருமி நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்து, “கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வெளிக்கிடும்” என்றார். வெளிக்கிடவில்லை. ஒரு நெல் லாரியில் மீதித் தூரம் போனோம். என் கால்சட்டையெல்லாம் உமி.

தம்பிராசா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா திராட்சைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தார்.

“எனக்குக் கோவமில்லைத் தங்கச்சி. மனுசிக்குத்தான்.”

“ஓம், கோவம்தான்!” என்று சமையலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அறுவடை நேரத்திலை காலை நீட்டிக்கொண்டு இருந்தால் ஆருக்குக் கோவம் வராது? ரவுணுக்கு உரம் வாங்கப் போன மனிசன், ஆடுபலகையிலை ஏறி இருந்தவராம். வயசைப் பாருங்கோ!” திட்டிக்கொண்டே அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டைச் சம்பலும் பால் விடாத பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தார். சம்பல் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. “இந்தியாக்காரர் அழுகிறார், இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி குடு” என்று தம்பிராசா சிரித்தார்.

மனைவி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, நான் விழுந்தாப் பிறகு மணி அடிச்சதோ?”

“இல்லை அண்ணை.”

“அடிக்கப்போகுது எண்டு தெரிஞ்சது. முன்னாலை இருந்த ஆளைக் கொஞ்சம் நடுவுக்கு வரச் சொன்னது நான்தான். நேரா வந்திட்டுது. எல்லாரும் கதையை நிப்பாட்டிட்டினம். அதுக்குள்ளை…” கையை விரித்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸை நம்பாமல் மூதூர் இறங்குதுறைக்குப் போனோம். நகரத்துக்கு ஆள் ஏற்றும் வள்ளம் ஒன்று புறப்படவிருந்தது. இரு பக்கமும் நீளப் பலகை, நடுவில் மூட்டைகள், ஒரு சைக்கிள், கால் கட்டிய இரண்டு கோழிகள். மேல்காற்று பிடித்திருந்ததால் வள்ளம் நின்ற இடத்திலேயே தாலாட்டியது. நானும் ஸ்டெல்லாவும் பலகையின் நுனியில் நெருக்கி உட்கார்ந்தோம்.

கடைசியாக ஒரு முஸ்லிம் பெரியம்மா பையோடு ஏறினார். இடமில்லை. நான் எழுந்து, “உட்காருங்கம்மா” என்றேன்.

வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் அடித்து முழங்கால்வரை நனைத்தது. கோழிகள் கத்தின. கோழிகளைவிடப் பலமாக மனிதர்கள் கத்தினார்கள்.

“ஆரது எழும்பினது? இரும்! இரும்!” என்றார் வள்ளக்காரர்.

“விசரே ஆளுக்கு?” என்று என் மூளையைச் சந்தேகித்தது ஒரு குரல்.

பெரியம்மா ஒரு கையால் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “மகன், இரிங்க. ஒங்கட மரியாதய கரைக்குப் போய்க் காட்டுங்க.” வள்ளம் முழுக்கச் சிரிப்பு. அதற்குள் எங்கள் பலகையில் இருந்த எல்லாரும் இருந்த இருப்பிலேயே பின்பக்கமாக நகர்ந்தார்கள், யாரும் யாருக்கும் சொல்லாமல். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் வந்தது. பெரியம்மா பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். வள்ளக்காரர் எதிர்ப் பக்கம் பருத்த ஒருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் எழாமல் பின்னால் நகர்ந்தார். வள்ளம் நிமிர்ந்தது.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. குடாவின் நடுவுக்கு வந்த பிறகு, பெரியம்மாவைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டார்: “அண்ணை, நீங்கள் ஏன் எழும்பினனீங்கள்?”

“பெரியவங்க நிக்கிறாங்களேன்னுதான்.”

“மற்ற ஆக்கள் ஏன் எழும்பேல்லை?”

“எந்திரிச்சா கவுந்துருமில்லீங்களா.”

“அப்ப அவை மரியாதை இல்லாத ஆக்களோ?”

“இல்லீங்க. இடம் விட்டாங்களே.”

அவர் உட்கார்ந்திருந்த பலகையை உள்ளங்கையால் தடவினார். அது வழவழப்பாக, தடையில்லாமல் வள்ளத்தின் நீளத்துக்கும் ஓடியது. “கை இல்லை” என்றார், நாற்காலிக் கையை நினைத்து. “கதிரைக்குக் கை வைச்சுப்போட்டுத் தள்ளி இருங்கோ எண்டால் எங்கை தள்ளுறது? நான் படமாளிகைக் கதிரையைப் போட்டனான். சனம் படமாளிகையிலை செய்யிறதைச் செய்யுது. பிழை அவையிலை இல்லை.”

கரை வரும்வரை கையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. கடைகள் பாதி மூடியிருந்தன. காலையில் பாண் என்னும் பிரெட்டும் பருப்பும் சாப்பிட்டோம். பிறகு பட்டறையில் கிடந்த வள்ளப் பலகைகளைத் தேய்த்து, துளை போட்டு, கரைக்குக் கொண்டுபோனோம். நாற்காலிகளைக் கழற்ற வேண்டும். போல்ட்டுகளை நான் தளர்த்தினேன். தூக்கி எடுப்பதை அவரே செய்தார். கடைசி நாற்காலியின் கையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தடவிவிட்டு மற்றவற்றோடு அடுக்கினார்.

“இதுகள்தான் எனக்குப் பிடிச்ச துண்டு” என்றார். “பரவாயில்லை. பிடிங்கோ அந்தப் பக்கம்.”

ஒவ்வொரு பக்கமும் ஒரே நீளப் பலகை. கைகள் இல்லை, பிரிவுகள் இல்லை. பிடித்துக்கொள்ளக் கீழே ஒரு கயிறு. வால்வுகளைப் பாதி திறந்தேன். மணல் மூட்டை வைத்துப் பார்த்தபோது மணி அடித்தது. மூட்டைகளைச் சேர்த்து இறக்கிப் பார்த்தபோது மறுமுனை விழுந்தது. முன்போல இல்லை, ஆனால் விழுந்தது.

பின்னேரம் கரை நிறைந்துவிட்டது. தெற்கிலிருந்து விடுமுறைக்கு வந்த சிங்களக் குடும்பங்கள், நகரத்து ஆட்கள், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்தவர்கள், ஐஸ்கிரீம் வண்டி, அதைச் சுற்றி மான்கள். சங்கிலியைக் கழற்றியதும் ஏறிவிட்டார்கள். ஒரு சிங்களத் தாய் மகளைத் தூக்கி உட்கார வைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

“‘வள்ளத்திலை இருக்கிற மாதிரி இரு, ஆடாதை’ எண்டுறா.” அன்று முதல் முறையாகச் சிரித்தார். “நான் ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை. பலகை சொல்லுது.”

பொறியியலாளர் மனைவியோடு வந்தார். நாற்காலிகள் இல்லாததைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். “கதிரை எங்கை? சனம் விழப்போகுது” என்றார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், அரை மனதாக மனைவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய இன்னொரு தோள்பக்கம் ஒரு மீன் வியாபாரி. உத்தரம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள்: “நீங்கள் இஞ்சாலை வாங்கோ.” “நான் வந்தால் நீங்கள் மேலை போயிடுவியள்.” “அந்த ஐயாவை நுனிக்குத் தள்ளுங்கோ, அவர் பாரம்.” “ஆர் பாரம்? நான் பாரமோ?”

அப்போது டீச்சர் வந்தார். இம்முறை யாரும் அழைத்து வரவில்லை, அவராகவே வந்திருந்தார். தூரத்தில் நின்று பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் போலிருந்தது. பிறகு நடைபாதையில் எங்களை நோக்கி வந்தார்.

நான் வால்வுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தேன். கை தானாக அதன் திருகுக்குப் போயிற்று. “வேண்டாம்” என்றார் ஸ்டெல்லா, என்னைப் பார்க்காமலே.

பொறியியலாளர் டீச்சரைக் கண்டார். அவருடைய முழங்கால்கள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு விரல் அளவு எழுந்துவிட்டார். பலகை அவர் அடியில் அசைந்தது. மறு பக்கத்திலிருந்து யாரோ, “ஏய், எழும்பாதேங்கோ!” என்று கத்தினார்கள். பொறியியலாளர் உட்கார்ந்துவிட்டார். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் முகம் சிவந்துபோயிற்று. அந்த நிலையில் மனிதர் வேறு என்னதான் செய்வார்? இருந்தபடியே மனைவியின் பக்கமாக நகர்ந்தார். மனைவி அடுத்தவர் பக்கமாக நகர்ந்தார். பலகை நெடுக அது ஓடியது. அவருக்கும் மீன் வியாபாரிக்கும் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் பிறந்தது.

“இருங்கோ, டீச்சர்” என்றார், உட்கார்ந்துகொண்டே.

பலகை டீச்சருக்கு உயரம். ஸ்டெல்லா ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்து, இரண்டாவது முயற்சியில்தான் ஏற்ற முடிந்தது. அவர் சேலையைச் சரிசெய்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் தாழ்ந்தது. எதிர்ப் பக்கம் பாரம் என்று சொல்லப்பட்ட ஐயா, ஒருவரும் கேட்காமலே நுனிக்கு நகர்ந்தார்.

உத்தரம் எழும்பியது. பேச்சு நின்றது. தம்பிராசா சொன்னது எனக்குப் புரிந்தது: வரப்போகிறது என்பது எல்லாருக்கும் உடம்பில் தெரிகிறது.

மணி ஒரு முறை அடித்தது. எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த ஒலி. நீர் அசையாமல் கிடந்ததால் எதிர்க்கரைவரை போய்த் தேய்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. பொறியியலாளருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடையில் வைத்தார், எடுத்தார், கயிற்றைப் பிடித்தார். தன் ஆசிரியைக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி அவர் அதற்கு முன் உட்கார்ந்திருக்க மாட்டார்.

“டீச்சர், என்னை ஞாபகமிருக்கோ?”

“ஏன் இல்லை? கணக்கிலை அவசரப்பட்டுப் பிழை விடுற பிள்ளை” என்றார் டீச்சர் கடலைப் பார்த்தபடி. “மற்றப் பாடங்கள் நல்லாச் செய்வீர்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மீன் வியாபாரி பொத்திக்கொள்ளவில்லை. சிரிப்பில் உத்தரம் ஆடி, மணி இன்னொரு முறை அடித்தது.

இறங்கும்போதுதான் சங்கடம். டீச்சர் கால் வைக்க இடம் தேடித் தடுமாறினார். பொறியியலாளர் தாங்கிப் பிடித்தார். தடுமாறியதைப் பார்த்தார். ஒராள் தடுக்கினாலும் என்று சொன்னவர் அவர்தான். ஸ்டெல்லாவிடம் ஒன்றும் சொல்லாமல், டீச்சரைக் கைப்பிடித்து வீதிவரை கூட்டிக்கொண்டு போனார். அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார்.

“என்ன அர்த்தமுங்க?” என்றேன்.

“தெரியாது.” ஸ்டெல்லா சங்கிலியை எடுத்தார், பூட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “மணி அடிச்சது. தம்பிராசா அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லவேணும்.”

சனிக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனோம். எங்களுக்கு முன்பே ஒரு லாண்ட்மாஸ்டர் கைட்ராக்டர் நின்றது, அதன் பெட்டியில் வெல்டிங் இயந்திரம். வெல்டர் நகரத்து முஸ்லிம், நடுவயது, முகக்கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு உத்தரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டெல்லா அவருக்குச் சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். கிட்டப் போகவில்லை.

“மிஸ், நீங்களா செஞ்ச ஆள்?” என்று கேட்டார் வெல்டர். “இஞ்சினியர் ஐயா ராத்திரி போன் எடுத்தவர். முந்திச் சொன்ன வேல வேணாமாம். ரெண்டு பக்கமும் ஏற ஒரு படி வைக்கட்டாம். வயசான ஆக்களுக்கு ஒயரமாம். எவ்வளவு ஒயரத்துக்கு வைக்க?”

ஸ்டெல்லா பலகையில் போய் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, டீச்சர் உயரத்துக்குக் குனிந்து அளந்து, கையால் ஓர் இடத்தைக் காட்டினார். வெல்டர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். நான் படிக்கான தகட்டைத் தூக்கிப் பிடித்து ரசமட்டக் கருவியை அதன் மேல் வைத்தேன். குமிழி கடற்பக்கம் ஓடியது. நிலப்பக்கம் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார் வெல்டர். கடற்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும் என்றேன் நான். தாழ்த்தினோம். குமிழி நடுவில் நின்றதும் அவர் கவசத்தை இறக்கினார்.